இந்தியாவின் .32 ரிவால்வர்: உரிமையாளர் கையிலும் சுடுதளத்திலும்

இந்தியாவில் உரிமம் பெற்ற பொதுமக்கள் வைத்திருக்கும் ரிவால்வர்களில் மிகப் பெரும்பாலானவை ஒரே அளவு கொண்டவை. அந்த அளவு .32. பேச்சில் 'பாயிண்ட் முப்பத்திரண்டு' என்பார்கள். ஆறு தோட்டா கொள்ளும் உருளை, குட்டையான குழல், உள்ளங்கைக்கு அடங்கும் பிடி ஆகியவை இதன் அடையாளங்கள். சுழல் துப்பாக்கி என்று தமிழில் எழுதினாலும் கடையிலும் காவல் நிலையத்திலும் இது ரிவால்வர்தான்.

புதிதாக ஒன்றை வாங்கியவர் முதல்முறை சுடுதளத்தில் சுட்டுப் பார்த்தபின் சொல்லக்கூடிய குறைநிறைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். உதைப்பு அதிகம் இல்லை, ஆனால் சத்தம் காதைப் பிளக்கிறது. விசை கடினமாக இருக்கிறது. பத்து மீட்டரில் பட்ட குறி இருபத்தைந்து மீட்டரில் படவில்லை. கொடுத்த விலையோ அதிகம், சுட்டுப் பழகக் கிடைக்கும் தோட்டாவோ குறைவு. இவற்றில் சிலவற்றுக்குத்தான் தொழிற்சாலை பொறுப்பு. மற்றவை 1857 கிளர்ச்சிக்குப் பின் இந்நாட்டில் எழுதப்பட்ட சட்டங்களின் விளைவு. அந்தச் சட்டங்களையும் இந்தத் துப்பாக்கியையும் சேர்த்துப் பார்த்தால்தான் உரிமையாளரின் அனுபவம் புரியும். ஊருக்கு ஓர் எடுத்துக்காட்டாக நெய்வேலியை எடுத்துக்கொள்ளலாம்.

நெய்வேலியிலிருந்து சுடுதளத்துக்கு

நெய்வேலி நகரியத்தில் துப்பாக்கி என்றதும் நினைவுக்கு வருவது சுரங்க வாயில்களிலும் அனல்மின் நிலைய வாயில்களிலும் காவல் நிற்கும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினரின் துப்பாக்கிதான். வெடிச் சத்தம் என்றால் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் கடினமான மணற்பாறையைத் தளர்த்த வைக்கும் சுரங்க வெடி. சுற்றுவட்டக் கிராமங்களில் பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கிகளும், நரிக்குறவர் மக்கள் வேட்டைக்கு வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கிகளும் பழைய தலைமுறைக்குத் தெரிந்தவை. இவை எல்லாம் தோளில் வைத்துச் சுடும் நீளத் துப்பாக்கிகள். இடுப்பில் செருகும் கைத்துப்பாக்கி தனியார் கையில் இருப்பது எப்போதும் அபூர்வம்.

அப்படி ஒன்றை விரும்பும் நெய்வேலிவாசி கடலூர் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆயுதச் சட்டப்படி அவரே உரிமம் வழங்கும் அதிகாரி. காவல்துறை விசாரித்து அறிக்கை தரும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வந்தபின், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்கான சான்றும் தேவை. உரிமம் கிடைத்தபின் துப்பாக்கி வாங்கி, அதன் எண்ணை உரிமத்தில் பதிந்து, அதிகாரியிடம் காட்ட வேண்டும். வாங்கும் ஒவ்வொரு தோட்டாவும் கணக்கில் ஏறும். தேர்தல் அறிவிக்கப்பட்டால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று தேர்தல்கள் அடுத்தடுத்து வந்தால் ரிவால்வர் அதன் சொந்தக்காரரோடு இருக்கும் நாளைவிடக் காவல் நிலையத்தில் இருக்கும் நாள் அதிகமோ என்று தோன்றும்.

வாங்கியதைச் சொந்தத் தோப்பில் சுட்டுப் பார்க்க முடியாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாகும்படி கவனக்குறைவாகச் சுடுவதையும் கொண்டாட்டத்துக்காகச் சுடுவதையும் இரண்டு ஆண்டுவரை சிறைத் தண்டனைக்கோ ஒரு இலட்சம் ரூபாய்வரை அபராதத்துக்கோ உரிய குற்றம் ஆக்கியது. கல்யாண ஊர்வலத்தில் துப்பாக்கி சுடும் வடநாட்டு வழக்கத்தை மனத்தில் வைத்து எழுதிய பிரிவு அது. தமிழ்நாட்டில் அந்த வேலையைக் கோயில் அதிர்வேட்டே செய்துவிடுகிறது. எனவே முறையாகச் சுட்டுப் பார்க்க உரிமையாளர் ஒரு ரைபிள் கிளப்பையோ அங்கீகாரம் பெற்ற சுடுதளத்தையோ தேடி திருச்சிக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருக்கும். திருச்சியில் 2022 ஜூலையில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டு பதக்கங்கள் வென்றபோது, அவரைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தில் பலருக்கு இப்படி ஒரு சுடுதளம் அந்த ஊரில் இருப்பதே அன்றுதான் தெரிந்திருக்கும்.

வாங்கியவர் சுட்டுப் பார்ப்பது என்ற வகையில் கடலூர் மாவட்டத்துக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராத்திய அரசர் இராஜாராமிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் கம்பெனிக்கே என்பது ஒப்பந்தம். கம்பெனியார் பெரிய பீரங்கி ஒன்றைக் கொண்டுவந்து நாலா திசையும் சுட்டார்கள். அந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று புதுப்பெயர் இட்டார்கள். ஆயுதத்தின் வீச்சு உரிமையாளரின் எல்லையை வகுத்த காலம் அது. இன்று உரிமையாளர் என்ன ஆயுதம் வைக்கலாம், எங்கே சுடலாம் என்பதைச் சட்டம் வகுக்கிறது.

முதல் ஆறு தோட்டா

புதிய ரிவால்வரை முதலில் சுடுபவர் அதன் உரிமையாளர் அல்ல. தொழிற்சாலையிலேயே வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் சோதனைத் தோட்டாவை வைத்துச் சுட்டு, குழலும் உருளையும் தாங்குகின்றனவா என்று பார்த்து முத்திரை இடுவார்கள். பர்மிங்காமில் இதற்கென்றே 1813இல் ஒரு சோதனைச் சாலை ஏற்பட்டது.

உரிமையாளர் முதலில் கவனிப்பது விசையின் கடுமை. ரிவால்வரை இரண்டு வகையாகச் சுடலாம். சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு விசையைத் தொடுவது ஒன்று. இதில் விசைக்குச் சிறு அழுத்தம் போதும். சுத்தியலைத் தொடாமல் விசையை மட்டும் நீள இழுப்பது மற்றொன்று. இந்த ஓர் இழுப்பிலேயே உருளை ஓர் அறை திரும்ப வேண்டும், சுத்தியல் பின்னால் போக வேண்டும், பிறகு விடுபட்டுத் தோட்டாவின் அடியில் அடிக்கவும் வேண்டும். மூன்று வேலையையும் ஒரு விரல் செய்வதால் நான்கைந்து கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை தேவைப்படும். துப்பாக்கியின் எடையோ ஒரு கிலோவுக்கும் குறைவு. தன் எடையைப் போல ஆறேழு மடங்கு இழுப்புக்கு ஆளாகும் பொருள் கையில் அசையாமல் எப்படி இருக்கும்? வலக்கைக்காரர் முதல்நாள் சுட்ட தாளைப் பார்த்தால் துளைகள் பெரும்பாலும் மையத்துக்கு இடப்புறம் கீழே விழுந்திருக்கும். குறி தவறியது கண்ணால் அல்ல, விரலால் என்று பயிற்சியாளர் சொல்வது இதனால்தான்.

அடுத்தது தூரம். அரசுத் தொழிற்சாலை .32 ரிவால்வரின் குழல் சுமார் 76 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலம். முன்முள்ளுக்கும் பின்பள்ளத்துக்கும் இடையே சுமார் 12 சென்டிமீட்டர் என்று கொண்டால், முன்முள் ஒரு மில்லிமீட்டர் விலகினால் பத்து மீட்டரில் குண்டு எட்டு சென்டிமீட்டர் விலகும். இருபத்தைந்து மீட்டரில் அது இருபது சென்டிமீட்டருக்கு மேல் ஆகிவிடும். பள்ளியில் படிக்கும் வடிவொத்த முக்கோணக் கணக்குதான் இது. போட்டிகளில் பயன்படும் கைத்துப்பாக்கியில் இந்த இடைவெளி 22 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். அதே ஒரு மில்லிமீட்டர் பிழைக்கு அங்கே விலகல் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. ஆகவே சட்டைப் பைக்கு ஏற்ற துப்பாக்கியை வாங்கிவிட்டு, போட்டித் துப்பாக்கியின் துல்லியத்தை எதிர்பார்த்து வருந்துவதில் பயன் இல்லை.

மூன்றாவது உதைப்பு. இங்கே .32 நல்ல பெயர் வாங்கும். இதன் குண்டு ஆறே கால் கிராம் அளவு எடையும், நொடிக்குச் சுமார் 220 மீட்டர் வேகமும் கொண்டது. இராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் குண்டு ஏழரை கிராம் அளவு எடையோடு நொடிக்கு 350 மீட்டருக்கு மேல் போகிறது. எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால் .32இன் உந்தம் ஏறத்தாழ அதில் பாதிதான். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி கையில் படும் உதைப்பும் அதற்கு ஏற்பவே குறையும். முதல் தோட்டாவுக்குப் பயந்து கண்ணை மூடுபவர் ஆறாவது தோட்டாவில் பழகிவிடுகிறார். சத்தம் மட்டும் குறைவதில்லை. குழல் குட்டையாக இருப்பதால் எரியும் வாயுவின் அழுத்தம் முழுதும் தணியும் முன்பே வெளியே வந்துவிடுகிறது. காதடைப்பான் இல்லாமல் சுடவே கூடாது.

புதியவர் அறியாமல் செய்யும் ஆபத்தான தவறு ஒன்று உண்டு. உருளைக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். சுடும்போது சூடான வாயுவும் ஈயத் துகளும் அதன் வழியே பக்கவாட்டில் சீறும். இன்னொரு கையின் விரலை அங்கே வைத்துப் பிடித்தால் புண் நிச்சயம். சுட்டு முடித்தபின் உருளையின் முகப்பில் கருமை படிவதும் இந்தச் சீறலால்தான், அது துப்பாக்கியின் குறையன்று.

ஏன் .32?

கடையில் போய் வேறு அளவு கேட்டால் கிடைக்காது. அதன் காரணம் ஆயுதச் சட்டத்தின் வரலாற்றில் இருக்கிறது.

1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கில அரசு மக்களிடம் இருந்த ஆயுதங்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. லிட்டன் பிரபு வைசிராயாக இருந்த 1878இல் வந்த இந்திய ஆயுதச் சட்டம் அதை முழுமைப்படுத்தியது. இந்தியர் துப்பாக்கி வைக்க உரிமம் தேவை, ஐரோப்பியருக்குத் தேவையில்லை. தாய்மொழிப் பத்திரிகைகளை ஒடுக்கும் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. 1887இல் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரசு மாநாட்டில் ஆயுதச் சட்டம் பற்றிய தீர்மானம் வந்தது. காந்தியடிகள் 1930 ஜனவரியில் வைசிராய் இர்வினிடம் வைத்த பதினொரு கோரிக்கைகளில் தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்பதும் ஒன்று. அகிம்சையாளரின் பட்டியலில் இது எப்படி என்று மாணவர் வியப்பதுண்டு. உரிமை மறுக்கப்பட்டதைத்தான் அவர் எதிர்த்தார்.

குழல் அளவைக் கொண்டு ஆயுதத்தைக் கட்டுப்படுத்துவதும் ஆங்கிலேயர் செய்த ஏற்பாடு. படையின் துப்பாக்கியில் போடக்கூடிய தோட்டா பொதுமக்கள் கையில் இருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. படையிலிருந்து களவு போகும் துப்பாக்கிக்குத் தோட்டா கிடைக்காமல் செய்வதே நோக்கம். 1907இல் .450 அளவு தோட்டாக்களை இந்தியாவில் தடை செய்தபோது, யானை, காட்டெருமை வேட்டைக்கான துப்பாக்கிகளை விற்றுவந்த இலண்டன் கம்பெனிகள் .465, .470 என்று புதிய அளவுகளைக் கண்டுபிடித்துத் தப்பித்துக்கொண்டன. வேட்டைக்காரர் உலகில் இன்றும் புகழோடு இருக்கும் .470 பிறந்தது ஆப்பிரிக்க விலங்குகளுக்காக மட்டும் அல்ல, இந்தியச் சட்டத்துக்காகவும்தான். இந்தியக் காவலருக்கு .303 இராணுவ ரைபிளைத் தராமல் .410 மஸ்கட் தந்ததற்கும் இதே அச்சமே காரணம்.

இந்தச் சட்டத்துக்கு வெளியே ஒரு நிலம் நெய்வேலிக்கு அருகிலேயே இருந்தது. அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி. ஆங்கிலேயரின் ஆயுதச் சட்டம் அங்கே செல்லாது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. ரிவால்வர் என்று பல மேடைகளில் சொல்லப்பட்டாலும் அது உருளை இல்லாத தானியங்கு வகை. வாஞ்சிக்கு வ.வே.சு. ஐயர் புதுச்சேரியில் துப்பாக்கி சுடும் பயிற்சி தந்தார் என்றும் கருவடிக்குப்பத்துப் பக்கம் அது நடந்தது என்றும் சொல்லப்படுகிறது. கைத்துப்பாக்கி வைத்திருப்பது வேறு, பழகியிருப்பது வேறு என்பதை அந்தக் குழுவினர் அறிந்திருந்தனர்.

1920ஆம் ஆண்டு விதிகள் ஐரோப்பியருக்கு இருந்த இனவழிச் சலுகையை நீக்கின. விடுதலைக்குப் பின் 1959இல் புதிய ஆயுதச் சட்டம் நிறைவேறி, 1962 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தின் கெடுபிடி குறைந்தாலும் குழல் அளவுப் பாகுபாடு நீடித்தது. .38, .455, 9 மில்லிமீட்டர் ஆகிய படை, காவல் அளவுகள் தடைசெய்யப்பட்ட அளவுகள் ஆயின. கைத்துப்பாக்கியில் பொதுமக்களுக்கு எஞ்சியவை .32, .22 போன்ற சிறிய அளவுகள்தான். 1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதியும் நின்றது. அதற்கு முன் வந்த வெப்ளி, கோல்ட், ஸ்மித் அண்ட் வெசன் துப்பாக்கிகள் தந்தை வழி மகனுக்கும், கைமாறி விற்பனையிலும் சுற்றிக்கொண்டிருந்தன. பழையதுக்குப் புதியதைவிட மதிப்பு ஏறிய விந்தையான சந்தை அது. ஒருவர் எத்தனை துப்பாக்கி வைக்கலாம் என்ற வரம்பு 1983இல் மூன்று என்று விதிக்கப்பட்டு, 2019இல் இரண்டாகக் குறைக்கப்பட்டது. அதே திருத்தம் உரிமக் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டியது.

பர்மிங்காமிலிருந்து கான்பூருக்கு

உருளை சுழலும் கைத்துப்பாக்கிக்குச் சாமுவேல் கோல்ட் 1835இல் இங்கிலாந்திலும் 1836இல் அமெரிக்காவிலும் காப்புரிமை பெற்றார். கோல்ட் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுக்க வேண்டும். 1851 இலண்டன் மாபெரும் கண்காட்சியில் கோல்ட் தம் துப்பாக்கிகளைக் காட்டிய அதே ஆண்டில், இராபர்ட் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் விசையை இழுத்தாலே சுடும் வகைக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு வகையாகவும் சுடக்கூடிய அமைப்பை 1856இல் பூமாண்ட் என்ற இராணுவப் பொறியாளர் ஆடம்ஸ் துப்பாக்கியில் சேர்த்தார். இன்று சுடுதளத்தில் விரலை வருத்தும் நீள இழுப்பும், கட்டைவிரலால் இழுத்துவிட்டுச் சுடும் மெல்லிய விசையும் ஒரே துப்பாக்கியில் இருப்பது அந்த வழியில் வந்ததுதான். சென்னையில் பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடை என்றே இன்று அறியப்படுகிறது. அக்காலத்தில் அந்தக் கடை துப்பாக்கியும் விற்றது. அதன் பெயர் பொறித்த பழைய வேட்டைத் துப்பாக்கிகள் இன்றும் ஏலங்களில் வருவதுண்டு.

1887இல் ஆங்கிலப் படை பர்மிங்காமின் வெப்ளி ரிவால்வரை ஏற்றது. அதை நடுவில் மடித்துத் திறந்தால் சுட்ட ஆறு வெற்றுத் தோட்டாவும் ஒன்றாக மேலெழுந்து விழும். குதிரை மேல் இருப்பவர் ஒரு கையில் கடிவாளத்தோடு மீண்டும் நிரப்ப வசதியான அமைப்பு. ஆனால் .455 அளவின் உதைப்பு பெரிது. முதல் உலகப் போரில் அவசரமாகச் சேர்த்த வீரர்களை அதில் பழக்குவது கடினமாக இருந்ததால், போருக்குப் பின் .38 அளவுக்கு இறங்கினார்கள். அந்த அளவில் வந்த வெப்ளி மார்க் 4இன் சாயலைத்தான் இந்திய .32 ரிவால்வர் இன்றும் தாங்கியிருக்கிறது. .38 படையின் அளவாகிவிட்டதால் பொதுமக்களுக்கு அது கூடாது. உடல் அப்படியே இருக்க, குழல் மட்டும் .32 ஆனது.

இதற்கான தோட்டா அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனி 1896இல் வெளியிட்ட .32 நீளத் தோட்டா. ஆக, பொதுமக்களுக்கான இந்திய ரிவால்வர் ஆங்கிலேய உடலும் அமெரிக்கத் தோட்டாவும் கான்பூர் உழைப்பும் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் நிறுவப்பட்ட கான்பூர் சிறுபடைக்கலத் தொழிற்சாலைதான் இதைச் செய்தது. தோட்டாக்கள் புனே அருகே கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஆனவை. தோட்டாவின் அடியில் காணும் கே.எஃப். என்ற குறி அதனுடையது. 1966இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை பெரும்பாலும் படைக்கும் காவல்துறைக்கும் நீளத் துப்பாக்கிகள் செய்வது. 2021 அக்டோபர் 1இல் அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது, கான்பூர், திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலைகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே கம்பெனியின் கீழ் வந்தன.

இறக்குமதி நின்ற சந்தையில் போட்டி இல்லாத விற்பனை நெடுங்காலம் நடந்தது. விசையின் கரடுமுரடு, பூச்சின் தரம் போன்ற குறைகள் நீடித்ததற்கு இதைத்தான் காரணமாகச் சொல்ல வேண்டும். வாங்குபவருக்கு வேறு கடை இல்லாதபோது விற்பவர் அரத்தை இன்னொரு முறை எடுக்க மாட்டார். 2016 விதிகளுக்குப் பின் தனியாரும் உற்பத்தி உரிமம் பெற வழி பிறந்தது. உத்தரப் பிரதேசத்தில் ஹர்தோய் மாவட்டத்துச் சண்டீலாவில் வெப்ளி அண்ட் ஸ்காட் பெயரில் 2020இல் .32 ரிவால்வர் உற்பத்தி தொடங்கியது. பர்மிங்காமில் கைவிடப்பட்ட தொழில் சுற்றி வந்து இந்தியாவில் முளைத்தது.

நிர்பீக்கும் பிரபலும்

2014 ஜனவரியில் கான்பூர் பீல்டு கன் தொழிற்சாலை நிர்பீக் என்ற ரிவால்வரை வெளியிட்டது. 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் கொடுமைக்கு ஆளாகி இறந்த மாணவிக்குச் செய்தியாளர்கள் இட்ட நிர்பயா என்ற பெயரை ஒட்டியது இப்பெயர். இரண்டுக்கும் அச்சமற்ற என்றே பொருள். பெண்களுக்கான துப்பாக்கி என்று விளம்பரம் செய்து, நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்து விற்றார்கள். டைட்டானியக் கலவையால் எடை 500 கிராம். பழைய வகை சுமார் 700 கிராம். விலை 1,22,360 ரூபாய்.

எடை குறைந்தது கைப்பைக்கு நல்லது, சுடுபவருக்கு அவ்வளவு நல்லதன்று. அதே தோட்டாவை 700 கிராம் துப்பாக்கியில் சுட்டால் அது நொடிக்குச் சுமார் இரண்டு மீட்டர் வேகத்தில் பின்னுதைக்கும், 500 கிராமில் மூன்று மீட்டரை நெருங்கும். பழக்கம் குறைந்தவருக்கென்று செய்த துப்பாக்கி பழக்கம் அதிகம் கேட்கிறது. இது பற்றி அன்று யாரும் பெரிதாகப் பேசவில்லை. பேசப்பட்டது வேறு. மணிப்பூரைச் சேர்ந்த ஆயுத எதிர்ப்பாளர் பினாலட்சுமி நேப்ரம் போன்றவர்கள், பெண்ணைக் காக்க வேண்டிய அரசு அவளையே துப்பாக்கி வாங்கச் சொல்வது தன் தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்று கண்டித்தனர். அந்த விலையில் எந்த வேலைக்குப் போகும் பெண் வாங்குவார் என்ற கேள்விக்கும் விடை இல்லை. இரவுப் பணி முடிந்து பேருந்துக்குக் காத்திருப்பவருக்கு ஒன்றேகால் இலட்சம் ரூபாய்த் துப்பாக்கியைவிட எரியும் தெருவிளக்கு பயன்படும்.

2023 ஆகஸ்டில் வந்த பிரபல் வேறு வழியில் போனது. 50 மீட்டர் வரை வீச்சு உண்டு என்று அறிவிக்கப்பட்ட இதன் எடை 700 கிராம். வெப்ளி போல நடுவில் மடியாமல், உருளை பக்கவாட்டில் வெளியே வரும். அமெரிக்காவில் நூறாண்டுக்கு மேல் பழகிய அந்த அமைப்பு கான்பூருக்கு வந்துசேர இத்தனை காலம் ஆயிற்று. சட்டகம் ஒரே துண்டாக இருப்பதால் உறுதி கூடும். நடுவில் மடியும் வகையில் கீலும் கொண்டியும் தேய்ந்து ஆட்டம் காண்பது பழைய உரிமையாளர்கள் அறிந்த குறை.

விலையோடு வரியும் சேர்கிறது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது ரிவால்வர், கைத்துப்பாக்கிகளுக்கு 28 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 விழுக்காடு.

தோட்டாவும் பழக்கமும்

.32 தோட்டாவைப் பலவீனமானது என்று ஒதுக்குபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். உலகத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் 25 மீட்டர் சென்டர் பயர் பிரிவில் வீரர்கள் விரும்பி எடுப்பது இதே .32 நீளத் தோட்டாவைத்தான். தாளில் வட்டத் துளை சுத்தமாக விழும்படி முனை தட்டையாகச் செய்த குண்டு அதில் இருக்கும். ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டிலும் 2006 தோகாவிலும் தங்கம் வென்றது இந்தப் பிரிவில். தோகாவில் அவர் எடுத்த 590 புள்ளி உலகச் சாதனைக்குச் சமம். முப்பது தோட்டா நிதானமாகவும் முப்பது தோட்டா விரைவாகவும் சுடும் போட்டி அது. விசைக்கு ஒரு கிலோ எடை தாங்கினால் போதும் என்பது விதி. உரிமையாளரின் ரிவால்வரில் இருப்பது நான்கைந்து கிலோ. தோட்டா ஒன்றே, துப்பாக்கியும் பழக்கமும்தான் வேறு.

அந்தப் பழக்கத்துக்குத் தடையாக இருப்பது தோட்டாக் கணக்கு. உரிமத்தில் ஒரே நேரத்தில் எத்தனை வைக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்று எழுதியிருக்கும். சுடுதளத்தில் ஒரு பிற்பகல் முறையாகப் பழகினால் ஐம்பது போய்விடும். சேமிக்க நினைக்கும் உரிமையாளர் ஆறு தோட்டா சுட்டுத் திருப்திப்பட்டு, மிச்சத்தை இரும்புப் பெட்டியில் வைக்கிறார். ஆண்டுகள் ஓடுகின்றன.

அப்படிக் கிடந்த தோட்டாக்கள் தமிழக வரலாற்றில் ஒருமுறை பேசப்பட்டன. 1967 ஜனவரி 12 அன்று சென்னை இராமாபுரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார், எம்.ஆர். ராதாவும் குண்டுக் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார். குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. நெருங்கி இருந்து சுட்டும் இருவரும் பிழைத்தார்கள். தோட்டாக்கள் பல ஆண்டுகள் மேசை இழுப்பறையில் உருண்டு கிடந்த பழையவை என்பதால் வேகம் குறைந்துவிட்டது என்ற விளக்கம் அன்று முதல் சொல்லப்படுகிறது. கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் படம் சுவரொட்டியாகி, அடுத்த மாதத் தேர்தலில் அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. ராதா சிறைத் தண்டனை பெற்று 1971இல் வெளியே வந்தார்.

ஈரமும் வெப்பமும் எண்ணெயும் தோட்டாவின் எதிரிகள். கடற்காற்று எட்டும் கடலூர் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரும்பு துருப்பிடிப்பதைச் சொல்லவேண்டியதில்லை. துப்பாக்கிக்கு எண்ணெய் பூசுவது முறை, அந்த எண்ணெய் தோட்டாவின் அடிக்குள் இறங்கினால் மருந்து கெடும். எனவே தோட்டாவை நிரப்பியபடி துப்பாக்கியை வைக்காமல், இரண்டையும் வேறு வேறு இடத்தில் பூட்டி வைப்பது நல்லது. வீட்டுக் குழந்தைகளை எண்ணினாலும் அதுவே சரி. சுடுதளத்திலிருந்து திரும்பியதும் குழலுக்குள் தூரிகை விட்டு ஈயப் படிவை எடுத்து, உருளையின் ஆறு அறைகளையும் துடைத்து, மெல்ல எண்ணெய் தடவி, சுட்ட தோட்டாக் கணக்கைக் குறித்துவைக்க வேண்டும். அடுத்த முறை தோட்டா வாங்கப் போகும்போது கடைக்காரர் முதலில் கேட்பது உரிமப் புத்தகத்தைத்தான்.